என்.ஐ.இ.யில் தமிழ்ப் பயிற்சி ஆசிரியர் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்க்கைக் கடிதம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர் என் எண்ணைத் தேடிப் பிடித்துவிடுவார். "அக்கா, நீங்க என்.ஐ.இ.யில தமிழ் எடுத்தீங்களாமே, ஒரே ஒரு கேள்வி" என்று தொடங்கும். அந்த ஒரு கேள்வி இரவுக்குள் முப்பதாகிவிடும். பாதி பாடத்தைப் பற்றி. மீதி சேலை, தீபாவளி, ஆசிரியர் தினம், மேடையேறச் சொல்வார்களா என்பதைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம்.

நான் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. வேறொரு பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு பிஜிடிஇ எனப்படும் பட்டயப் படிப்புக்காக உள்ளே போனவள். நான்காண்டுப் பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும். தெரிந்த இடத்தில் சொல்கிறேன்.

என்.ஐ.இ. கல்லூரியா, பல்கலைக்கழகமா?

பெயர் தேசியக் கல்விக் கழகம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தாய்மொழி சொல்லித்தருகிறவர், கணிதம் சொல்லித்தருகிறவர், உடற்கல்வி ஆசிரியர் எல்லாரும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகிறார்கள்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் மூத்த ஆசிரியர்களோடு பேச உதவும். 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக (டிடிசி) தொடங்கியது. 1973இல் அது கல்விக் கழகமாக (ஐஇ) மாறியது. பிறகு புக்கிட் தீமா வளாகத்தில் இருந்தது. 1991இல் உடற்கல்விக் கல்லூரியும் சேர்ந்து இன்றைய பெயரைப் பெற்றது. 2000இல் ஜூரோங்கில் உள்ள இப்போதைய வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே ஆசிரியர் அறையில் ஒருவர் "நான் டிடிசியில படிச்சப்ப" என்று ஆரம்பித்தால் அவர் ஓய்வுபெற்ற பிறகும் உதவிக்கு வருகிறவர் என்று அர்த்தம். "ஐஇ" என்றால் அவருக்கு அடுத்த தலைமுறை. "புக்கிட் தீமாவுல இருந்தப்ப" என்று பெருமூச்சு விட்டால், மரநிழலையும் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைகளையும் பற்றி அரைமணி நேரம் கேட்கத் தயாராகுங்கள்.

எப்படிப் போவது? வீடு ஈசூனில்.

அனுதாபங்கள். பூன் லே பேருந்து நிலையத்திலிருந்து 179 அல்லது 199. பயனியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் சொந்தப் பேருந்தும் உண்டு. காலை எட்டரை மணி வகுப்பென்றால் வரிசை பாம்பாக நீளும். கிழக்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலிலேயே பாதிக் கட்டுரையைப் படித்து முடித்துவிடுவார்கள். நான்காண்டு மாணவர்கள் விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். பிஜிடிஇக்காரர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வருவோம்.

நாங்கள் மாணவர்களா, ஊழியர்களா?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் இதை யாரும் முதலில் கேட்பதில்லை. கல்வி அமைச்சு உங்களை வேலைக்கு எடுத்து, கட்டணத்தைக் கட்டி, மாதச் சம்பளமும் மத்திய சேமநிதியும் கொடுத்துப் படிக்க அனுப்புகிறது. பதிலுக்கு, முடித்தபின் குறிப்பிட்ட ஆண்டுகள் பள்ளியில் பணியாற்ற வேண்டும். பிஜிடிஇக்கு மூன்று ஆண்டு. உடம்புக்கு முடியவில்லையென்றால் மற்ற பல்கலைக்கழக மாணவர்போல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது, எம்சி எனும் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆனால் கையில் மாணவர் அட்டை இருக்கும். ஒப்படைப்புக்கு நள்ளிரவுவரை விழித்திருப்பீர்கள், கேன்டீனில் மற்றவர்களோடு மேசைக்கு அலைவீர்கள்.

நன்யாங் பக்கம் இருக்கும் நண்பர்கள் வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பை விட்டுவிட்டு மலாக்கா கிளம்புவார்கள். நீங்கள் கிளம்ப மாட்டீர்கள். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் வயிறெரியும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் எரிச்சல் தணியும்.

தமிழ்ப் பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த ஆண்டிலும் கூட்டம் என்று சொல்ல முடியாது. சில பாடங்களுக்கு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தாலே வகுப்பு நிறைந்துவிடும். அதனால் வருகிற விளைவுகள் இரண்டு. ஒன்று, வீட்டுப்பாடம் செய்யாமல் பின்வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது, பின்வரிசையே இல்லை. இரண்டு, எந்தக் கொண்டாட்டம் என்றாலும் எல்லாரும் எல்லாம் செய்தாக வேண்டும். நான் ஒரே நிகழ்ச்சியில் வரவேற்புரை, ஒலிவாங்கி பிடித்தல், வடை எண்ணுதல் மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் நாள் முழுக்கத் தமிழர்களோடு மட்டும் இருக்கப் போவதில்லை. கல்வி உளவியல், வகுப்பறை நிர்வாகம் போன்ற பாடங்கள் ஆங்கிலத்தில் எல்லாரோடும் கலந்து நடக்கும். தமிழ் கற்பிக்கும் முறை, இலக்கணம், இலக்கியம் மட்டும் நம் பிரிவில். சீன, மலாய் மொழிப் பயிற்சி ஆசிரியர்களும் நம்மைப் போலவே ஆசிய மொழிகள் துறையின்கீழ் இருப்பவர்கள் என்பதால் அவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வோம். ஆங்கிலம் எளிதாக வரும் பிள்ளைக்குத் தாய்மொழி வகுப்பில் எப்படி ஆர்வமூட்டுவது என்ற தலைவலி மூவருக்கும் பொது. பொதுத் தலைவலியைப்போல் நட்பை வளர்ப்பது வேறெதுவும் இல்லை.

டிபி என்றால் ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள்?

டிபி என்பது பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சி. நான் செய்தபோது 10 வாரம். பட்டப்படிப்பில் நான்கு ஆண்டுகளில் பிரித்துப் பிரித்து அனுப்புவார்கள். முதலில் சும்மா பார்க்க, பிறகு உதவி ஆசிரியராக, கடைசியில் முழுப் பொறுப்போடு. பள்ளியில் உங்களுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார். கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் பாடம் பார்க்க வருவார். அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். அவர் எழுதுவது நின்றால் பயமாக இருக்கும், எழுதினாலும் பயமாக இருக்கும்.

பயத்தைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பலருக்கு டிபி மூன்றாம் தவணையில், ஜூன் விடுமுறை முடிந்தபின், விழும். பள்ளி நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஜூலை தொடக்கத்தில் இளையர் தினம். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். ஆகஸ்ட் 9க்கு முந்திய நாட்களில் தேசிய தினக் கொண்டாட்டம். பல பள்ளிகளில் தாய்மொழி இருவாரமும் எங்கோ நடுவில் நுழைந்துவிடும். தவணையின் கடைசி வாரத்தில் ஆசிரியர் தினம். நீங்கள் போட்டுவைத்த பாடக்குறிப்பில் மூன்று வகுப்புகள் ஒத்திகைக்காகக் காணாமல் போகும். மீதி வகுப்புகளில் பிள்ளைகள் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே முதல் நாளே வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டியது "எந்த அத்தியாயம்?" அல்ல. "எந்தெந்த நாள் மண்டபத்தில் ஒத்திகை?" அதைக் கேட்டு, மேற்பார்வையாளர் வரும் நாளை அதற்கேற்ப வையுங்கள். என்னோடு படித்த ஒருவர் கேட்கவில்லை. அவர் பாடம் பார்க்கப்பட்ட அன்று வகுப்பில் பாதிப் பேர் நடனக் குழுவோடு போய்விட்டார்கள். இருந்தவர்களை வைத்துக் குழு நடவடிக்கை செய்ய நினைத்தார், இரண்டு குழுவில் ஒரே ஒருவர்தான் மிச்சம்.

இன நல்லிணக்க நாளில் தமிழ்ப் பயிற்சி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

கேட்காமலேயே உங்களிடம் வந்து சேரும். 1964இல் நடந்த இனக் கலவரத்தை நினைவில் வைத்து 1997 முதல் பள்ளிகளில் இந்த நாள் அனுசரிக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு அது பாரம்பரிய உடை போடும் நாள். சபைகூடலில் பாடம் உண்டு, பிறகு விளையாட்டுச் சாவடிகள். கோலம், மருதாணி, பல்லாங்குழி மூன்றும் உங்கள் தலையில். கோலத்தைத் தரையில் போடாதீர்கள், துப்புரவு செய்யும் ஆன்ட்டியின் சாபம் சும்மா விடாது. மாஜோங் பேப்பர் எனும் பெரிய வெள்ளைத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, சாயம் ஏற்றிய அரிசியைப் பிள்ளைகளையே தூவச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போகலாம், சுவரிலும் ஒட்டலாம்.

ஆனால் அன்றைய உண்மையான வேலை காலை ஆறே முக்காலுக்கே தொடங்கிவிடும். நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது நான்கு பேர் கையில் சேலையோடு நின்றார்கள். மூவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். யாருக்கும் உள்பாவாடை கட்டவேண்டும் என்று தெரியாது. ஒருவர் விளையாட்டுக் கால்சட்டைமேல் கட்டிவிடச் சொன்னார். சபைகூடல் ஏழரைக்கு. ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம். கொசுவத்தை விரலில் எடுத்து, இடுப்பில் செருகி, ஊக்கு குத்தி, முந்தானையைத் தோளில் மடிப்பு மடிப்பாக வைத்து இன்னோர் ஊக்கு. மூன்றாவது ஆள் அறிவியல் துறைத் தலைவர், மூச்சே விடவில்லை. "மூச்சு விடுங்க, இல்லன்னா பிறகு கழண்டுடும்" என்றேன். ஒரு சேலைக்கு ஆறு ஊக்கு கணக்கு. நான் கொண்டுபோனது இருபது. நான்காவது ஆளுக்கு இரண்டுதான் மிஞ்சியது. அவருக்குப் புத்தகத்தில் போடும் பெரிய கிளிப்பை முதுகுப் பக்கம் மாட்டி அனுப்பினேன். என் சேலையைச் சரிசெய்ய நேரமில்லை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. அன்று முழுக்க "தமிழாசிரியைக்கே சேலை கட்டத் தெரியலை" என்று நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாற்பது ஊக்கு வாங்கிப் பையில் போடுங்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் அட்டை அட்டையாகக் கிடைக்கும்.

ஆசிரியர் தினத்தன்று பயிற்சி ஆசிரியர்களையும் வாழ்த்துவார்களா?

வாழ்த்துவார்கள். அதுதான் வினோதமான நாள்.

முதலில் தேதி. முன்பெல்லாம் செப்டம்பர் 1. 2011 முதல் செப்டம்பரின் முதல் வெள்ளிக்கிழமை. அன்று பள்ளி விடுமுறை. அதனால் கொண்டாட்டம் முந்திய நாள் வியாழக்கிழமை காலை நடக்கும். இந்தியாவில் ராதாகிருஷ்ணன் பிறந்தநாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 2025இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதனால் ஊரிலிருந்து வந்த உறவினர்களின் வாழ்த்தும் இங்குள்ள வாழ்த்தும் ஒரே காலையில் வந்து கைப்பேசி நிறைந்துவிட்டது. மற்ற சில ஆண்டுகளில் "இன்னிக்கு இல்ல அத்தை, போன வாரமே முடிஞ்சுது" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை மாணவர் தலைவர்கள் நிகழ்ச்சி நடத்துவார்கள். ஆசிரியர்கள் ஏதாவது நாடகம் போட்டுத் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். புதியவர் என்பதால் உங்களுக்கு மரமாக நிற்கும் வேடமாவது கிடைக்கும். மறுக்காதீர்கள். அந்த மரத்தைத்தான் பிள்ளைகள் கடைசிவரை நினைவில் வைத்திருப்பார்கள். பதினொரு மணிக்குள் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். அப்புறம் வாசலில் இன்னொரு கூட்டம்: உயர்நிலைப்பள்ளிச் சீருடையில் பழைய மாணவர்கள், கையில் பூவும் பப்பிள் டீயும். அவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள். உங்களுக்குப் பழைய மாணவர்கள் இன்னும் இல்லை. அந்த நடைபாதையில் நிற்கும்போது வருவது பொறாமையா ஆசையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டிபி மூன்றாம் தவணையில் என்றால் அந்த வாரமே உங்கள் கடைசி வாரமும். பிள்ளைகள் கொடுக்கும் அட்டை வாழ்த்தட்டையும் பிரியாவிடை அட்டையும் சேர்ந்தது. எனக்கு வந்ததில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். பயிற்சித்தாளை நான்காக மடித்து, வெளியே ஒரு கேக் வரைந்து, உள்ளே இப்படி எழுதியிருந்தது: "மிஸ் நிங்கள் நல்ல டிச்சர். அடுத்த வாரமும் வாருங்கள்." இரண்டாம் வகுப்புப் பையன். பத்து வாரம் நான் குறில் நெடில் சொல்லிக்கொடுத்த வகுப்பு அது! அதே பையன் முதல் வாரத்தில் "மிஸ், நீங்க டீச்சரா ஸ்டூடன்டா?" என்று கேட்டவன். இரண்டும் என்று சொல்லியிருந்தேன். "அப்ப உங்களுக்கும் ஹோம்வொர்க் இருக்கா?" என்றான். இருந்தது, அன்றிரவே சமர்ப்பிக்க வேண்டியது.

பரிசு விஷயத்தில் கவனம். நாம் அரசுப் பணியாளர்கள், பரிசு வாங்குவதற்கு விதிமுறை உண்டு. அட்டை, பிள்ளை செய்த காகிதப் பூ, சாக்லேட் சரி. அதற்குமேல் என்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நாம் நம் விரிவுரையாளர்களுக்கு ஆசிரியர் தினம் கொண்டாடலாமா?

டிபியில் இல்லாத ஆண்டில் தாராளமாக. ஒரு கேக், ஒரு பெரிய அட்டை போதும். மாணவர்களின் அட்டையைத் திறந்ததும் அவர்கள் கண் முதலில் போவது சந்திப்பிழைக்குத்தான்.

தீபாவளிக்கு லீவு இருக்கிறதே, பிறகென்ன பிரச்சினை?

ஒரு நாள் பொது விடுமுறை. பிரச்சினை அதைச் சுற்றியிருக்கும் நாட்கள். தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வரும். 2026இல் நவம்பர் 8, ஞாயிறு, அதனால் திங்களும் விடுமுறை. பருவம் முடியும் நேரம் அது. ஒப்படைப்புகள் வரிசையாக விழும், அடுத்து தேர்வு. தீபாவளிக்கு முந்திய இரவு அம்மா முறுக்கு பிழிய, நான் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து சங்க இலக்கியக் கட்டுரை அடித்திருக்கிறேன். விசைப்பலகையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.

அதனால் கழகத்தில் கொண்டாட விரும்பினால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே வைத்துவிடுங்கள், அல்லது தேர்வெல்லாம் முடிந்தபின். "தீபாவளி போன பிறகு என்ன தீபாவளி?" என்பார்கள் சிலர். சிங்கப்பூரில் தீபாவளி ஒருமாத விழா ஐயா. சிராங்கூன் சாலை விளக்குகள் ஒரே இரவில் அணைந்துவிடுவதில்லை.

ஏற்பாட்டில் எல்லாரும் தடுக்கி விழும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நெருப்பு வேண்டாம். பட்டாசு இந்த நாட்டில் 1972இலிருந்தே தடை, அது தெரிந்ததுதான். கம்பி மத்தாப்பும் வளாகத்துக்குள் வேண்டாம். அகல் விளக்குக்குக்கூட அனுமதி கேட்டு அலைவதைவிட மின்கல விளக்கு நல்லது. தூரத்திலிருந்து பார்த்தால் பாட்டிக்கே வித்தியாசம் தெரியாது. அறையை முன்பதிவு செய்யும்போது உணவு உள்ளே அனுமதியா என்று கேளுங்கள், பல அறைகளில் இல்லை. உணவு முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து வரட்டும், மலாய் நண்பர்கள் தயக்கமில்லாமல் சாப்பிடுவார்கள். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. மாட்டிறைச்சி எந்தப் பதார்த்தத்திலும் வேண்டாம். இதையெல்லாம் யோசிக்காமல் ஒரு பெரிய பாத்திரம் கோழி பிரியாணி வரவழைத்தால் முருங்கைக்காய் சாம்பார் கேட்டு நிற்கும் விரிவுரையாளருக்கு யார் பதில் சொல்வது?

பூ வாங்க பஃப்ளோ ரோடு. முதல் நாள் மாலை சொல்லிவைத்தால் காலை மல்லிகைச் சரம் ஈரத்துணியில் சுற்றித் தயாராக இருக்கும்.

பொங்கலுக்கு?

பொது விடுமுறை இல்லை. தைப்பூசத்துக்கும் இல்லை, அது 1968வரை விடுமுறையாக இருந்து எடுக்கப்பட்டது. தை முதல் நாள் புதிய பருவம் தொடங்கும் வாரத்தை ஒட்டி விழும். வீட்டில் விடியற்காலை பொங்கல் வைத்து, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு 199 ஏறுங்கள். வகுப்பில் ஐந்து பேர் கொண்டுவந்தால் ஐந்து வீட்டுப் பொங்கல் ருசி பார்க்கலாம். எங்கள் வகுப்பில் ஒருவர் வீட்டுப் பொங்கலில் நெய் மிதக்கும். இன்னொருவர் வீட்டில் சர்க்கரை நோயாளிகளை நினைத்து வைத்திருப்பார்கள். பெயர் வேண்டாம்.

ஏப்ரலில் என்ன?

தமிழ்மொழி விழா. வளர்தமிழ் இயக்கத்தின் முன்னெடுப்பில் ஏப்ரல் முழுவதும் தீவெங்கும் நிகழ்ச்சிகள் நடக்கும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகளும் நிகழ்ச்சி படைப்பது வழக்கம். இரண்டாவது பருவத்தின் தேர்வும் அதை ஒட்டியே வரும் என்று சொல்லத் தேவையில்லை. நான் தரும் யோசனை: மேடை ஏறுவதைவிட, பள்ளி மாணவர்களுக்கான விவாதம், கதைசொல்லல் போட்டிகளில் தொண்டூழியராகப் போங்கள். நேரம் பார்ப்பவராக மேசையில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முப்பது பிள்ளைகளின் தமிழைக் கேட்கலாம். எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள், எங்கே ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள் என்பதைக் கவனித்து எழுதிவையுங்கள். எனக்கு டிபியில் கைகொடுத்தது அந்தக் குறிப்பேடுதான்.

நிகழ்ச்சி நெறியாளராக நின்றால் பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

இந்தச் சண்டை ஆண்டுதோறும் நடக்கும். பள்ளியில் பிள்ளைகளைப் பேச்சுத்தமிழில் பேசவைக்கச் சொல்கிறது பாடத்திட்டம். மேடையில் ஏறியதும் நாமே "அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள் உரித்தாகுக" என்று ஆரம்பித்துவிடுகிறோம். என் கருத்து: வரவேற்பும் சிறப்பு விருந்தினர் அறிமுகமும் எழுத்துத்தமிழில் இருக்கட்டும். இடையிலே நிரப்பிப் பேசுவது நல்ல பேச்சுத்தமிழில். "அடுத்து நடனம், அதுக்கு முன்னால ஒரு புதிர்" என்றால் கூட்டம் நிமிரும். மற்ற இனத்தவர் பாதிப்பேர் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒரு வரி சொல்லுங்கள். ஆனால் தமிழில் சொன்ன நகைச்சுவையை மொழிபெயர்க்க முயலாதீர்கள். நான் முயன்றேன். நிசப்தம்.

எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது.

நாற்காலி அடுக்க வருமா? போதும்.

சேலை கட்டாயமா?

இல்லை. நேர்த்தியான உடை வேண்டும், அவ்வளவுதான். கழகத்தில் பஞ்சாபி உடையோ சட்டையும் முழுக்கால்சட்டையுமோ சரி. டிபியில் அந்தந்தப் பள்ளி வழக்கத்தைப் பாருங்கள். ஆண்களே, வேட்டி கட்டுகிற நாளில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி வாங்குங்கள், வீரம் வேண்டாம்.

குழுவாகச் சமூகச் சேவை செய்ய வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், சேவைவழிக் கற்றல் என்று ஒரு திட்டம். வெவ்வேறு பாடத்துறையினர் ஒரே குழுவில் இருப்பார்கள். எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போனோம். கேரம் பலகை, பிங்கோ எல்லாம் திட்டமிட்டிருந்தோம். அங்கே தமிழ் மட்டும் பேசும் பாட்டி ஒருவர் இருந்தார், மூன்று வாரமும் என்னை விடவே இல்லை. குழுவின் அறிக்கையில் என் பங்கு "உரையாடல்" என்று ஒரு சொல்லில் இருந்தது. அந்த உரையாடலில் அவர் செம்பவாங் கப்பல் பட்டறைக் குடியிருப்பின் தெருவொன்றை வீடு வீடாகச் சொல்லியிருந்தார்.

முடிக்கும்போது விழா உண்டா?

உண்டு. ஆசிரியர் பணியேற்பு விழா. டிஐசி என்றால்தான் எல்லாருக்கும் புரியும். சேர்ந்து எழுந்து நின்று ஆசிரியர் உறுதிமொழி எடுப்பீர்கள். பலர் அதற்குள் பள்ளியில் வேலையைத் தொடங்கியிருப்பார்கள், அன்றைக்குத் திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்கள் காரில் இருக்கும். நான்காண்டுப் பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா தனி. அப்பா அம்மாவுக்குப் படம் பிடிக்க நன்யாங்கின் யுன்னான் தோட்டம் அழகு. வெயிலுக்குமுன் போய்விடுங்கள், அங்கி கனம்.

கடைசியாக ஒன்று. சின்ன வயதில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு ஆசிரியர் தினத்தன்று என்ன செய்யலாம்?

முன்புபோல் அந்த வியாழக்கிழமை நேரில் போய் நிற்க முடியாது, நீங்களும் உங்கள் பள்ளியில் மரமாக நின்றுகொண்டிருப்பீர்கள். அடுத்த வாரம் பள்ளி விடுமுறை, அவரும் ஊரில் இருக்கமாட்டார். 2002 முதல் நல்லாசிரியர் விருது கொடுக்கப்படுகிறது. தமிழ் முரசும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து நடத்துவது. மாணவர்கள் முன்மொழியலாம். அவரிடம் இப்போது படிக்கும் பிள்ளை யாராவது தெரிந்தால் காதில் போட்டுவையுங்கள்.

இல்லையென்றால் அஞ்சலில் ஓர் அட்டை அனுப்புங்கள், கையால் எழுதி. நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு என் தொடக்கப்பள்ளி ஐயாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அந்த அட்டையின் படம் வந்தது. "ஆசிரியர் தின வாழ்த்துக்கள்" என்று நான் எழுதியிருந்ததில் அந்த "க்"கைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். கீழே, "மிக்க மகிழ்ச்சி அம்மா. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித்தர வேண்டாம்."